ஒரு தேதி

உம்முல் குவைன், பழைய தொழிற்பேட்டை.
சலவைக்கடை ஆவிக்கும்
கஃபெட்டேரியாவின் பரோட்டாப் புகைக்கும் நடுவே
எட்டடிக்குப் பத்தடி என் டைப்பிங் சென்டர்.
அரபியில் மனு முப்பது திர்ஹம்,
ஆங்கிலத்தில் இருபது.
தமிழுக்கு விலை எழுதி ஒட்டவில்லை.
யாரும் கேட்டதில்லை,
சவரியடிமை வரும்வரை.

செவ்வாய்க்கிழமை. அஸர் முடிந்து கடை திறந்த நேரம்.
கைப்பேசியை மேசையில் வைத்து
விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.
தாலுகா ஆபீஸ் கணினித் திரை,
சாய்வாக எடுத்த படம்,
பாதி எழுத்தின்மேல் டியூப் லைட் வெளிச்சம்.
அமலோற்பவம், வயது முப்பத்தொன்பது,
மாற்றுத்திறனாளி உதவித்தொகை: நிறுத்தம்.
காரணம்: சகோதரர் வெளிநாட்டில்.

"அந்தச் சகோதரர் நான்தான்" என்றார்
திருடியதை ஒப்புக்கொள்வதுபோல.

நாலு மாதமாகச் சம்பளம் இல்லை.
கம்பெனி கேட்டில் பூட்டு.
கேம்புக்குத் தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்.
இந்த வருமானம்தான்
ஊரில் ஒரு கோப்பில் ஏறி உட்கார்ந்து
தங்கச்சியின் ஆயிரத்து ஐந்நூறைத் தின்றிருக்கிறது.

கடிதம் வந்ததா என்றேன்.
இல்லை.
ஆள் வந்து பார்த்தார்களா?
இல்லை.
பின்னே எப்படித் தெரிந்தது?
"மாத்திரை வாங்கப் போனா மெஷின்ல காசு வரல.
ரெண்டாம் மாசமும் வரல.
மூணாம் மாசம் ஆட்டோ வச்சுப் போயிருக்கு,
போகவர முந்நூத்தம்பது.
ஆபீசு மாடியில.
கீழயே உக்காந்து, படியேறிப் போன ஒரு பிள்ளைகிட்ட
போனைக் குடுத்து எடுத்த படம் சார் இது."

தமிழ் விசைப்பலகை என்னிடம் இல்லை.
அரபு எழுத்து ஒட்டிய கட்டைகள்மேல்
ஞாபகத்தில் தட்டினேன்.
பெறுநர். பொருள். பார்வை.
பார்வையில் குறிக்க ஆணை எண் எதுவும் இல்லை.
வராத கடிதத்துக்குப் பதில் எழுதுவது
எனக்கு அதுதான் முதல்முறை.

பாதியில் அவர் போன் சிணுங்கியது.
தொழிலாளர் துறையின் குறுஞ்செய்தி,
வாசிக்கச் சொன்னார்.
கம்பெனித் தரப்பு இன்றும் ஆஜராகவில்லை.
அவர்கள் தரப்பைச் சொல்ல
மூன்றாவது வாய்ப்பு:
வரும் பதினேழாம் தேதி, காலை ஒன்பதரை.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
பக்கத்துக் கடை இஸ்திரி உஸ்ஸென்றது.

"பாருங்க சார்." சிரிக்கத்தான் செய்தார்.
"என் நாலு மாசத்த முழுங்குனவனுக்கு
தேதி போட்டு, நேரம் போட்டு
வாய்யா, வந்து சொல்லுய்யாங்கிறாங்க.
அது நியாயந்தான். சொல்லட்டும். அவன் கணக்கு என்னவோ.
எங்க அமலிக்கு?"

இருபது வருடமாய் மனு தட்டுகிறேன்,
அன்றைக்குத்தான் கவனித்தேன்:
வினவுவதற்கும் செவி கொடுப்பதற்கும்
நம்மிடம் சொல் ஒன்றுதான், கேட்பது.
அவளை அவர்கள்
இரண்டு விதமாகவும் கேட்கவில்லை.

வழக்கமான கடைசி வரியைத் தட்டியிருந்தேன்:
கருணை கூர்ந்து தொகையை மீண்டும் வழங்குமாறு.
எழுத்துக்கூட்டிப் படித்துவந்தவர்
திரையில் விரலை வைத்தார், கருணைமேல்.
கண்ணாடியில் கிரீஸ் ஒட்டியது.

"இத எடுத்துருங்க.
காசு அப்புறம்.
நிறுத்துறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும், கேக்கல.
இப்பவாச்சும் ஒரு தேதி போடச் சொல்லுங்க.
கீழ்த்தளத்துல."

கீழ்த்தளத்தில் என்ற சொல்லுக்கு மட்டும்
நானாக ஓர் அடிக்கோடு போட்டேன்.

எவ்வளவு என்றார்.
விலை எழுதவில்லை என்றேன்.
அதற்குள் பத்து திர்ஹம் தாள் ஒன்று
மவுசுக்கு அடியில் இருந்தது.
ரசீது கேட்டார்.
எழுதிக் கொடுத்தேன்,
தேதி போட்டு.